விடுமுறையில் எண்ணிய வண்டிகள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. இங்கே, இங்கிலாந்தில், நான் வேலை செய்யும் நகராட்சியின் போக்குவரத்துப் பிரிவில் ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. வடக்குச் சாலையில் பேருந்துகளுக்கென்று ஒதுக்கிய தடத்தில், ஃபோன் செய்து வரவழைக்கும் வாடகைக் கார்களையும் விடலாமா என்று நான் ஆராய்ந்து எழுத வேண்டும்.

2. அந்தத் தடத்தில் போகும் வண்டிகளை எண்ண ஆட்களை அனுப்பினேன். எண்ணிக்கை வந்தது. இடம் தாராளமாக இருந்தது. விடலாம் என்று எழுதத் தொடங்கினேன்.

3. அம்மா கரமனையிலிருந்து கூப்பிட்டு, மறுநாள் அப்பாவின் திதி என்றாள்.

4. அன்று மதியம், வண்டிகளை எண்ணிய வாரம் இங்கே பள்ளிகளுக்கு விடுமுறை என்று தெரிந்தது.

5. மறுபடி எண்ண வேண்டும் என்று கேட்டு, எண்ணினோம்.

6. என் அறிக்கை மாறியது. நகராட்சிக் குழு அதை ஏற்றுக்கொண்டது.

7. ஞானதாஸ் இப்போது என்னோடு பேசுவதில்லை.

எழுதிப் பார்த்தால் ஏழே வரிகள்தாம். இதை அப்படியே கோப்பில் சேர்த்தால் யாரும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். மூன்றாவது வரி இந்த வரிசையில் ஏன் வருகிறது என்று மட்டும் கேட்கலாம். அதை இங்கே இருப்பவர்களிடம் சொல்ல எனக்கு வரவில்லை. ஊருக்கு எழுதுகிறேன்.

*

முதலில் அந்தத் தடம். இங்கே பெரிய சாலைகளில் இடது ஓரத்தைச் சிவப்புச் சாயம் பூசிப் பேருந்துக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். சைக்கிள் போகலாம். வேறு கார் நுழைந்தால் கம்பத்தில் இருக்கும் கேமரா படம் பிடித்து, வீட்டுக்குக் கடிதம் அனுப்பும். தம்பானூரில் பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்து பழகிய எனக்கு, யாரும் குறுக்கே புகாத அந்தச் சிவப்பு ஓரத்தை முதன்முதலில் பார்த்தபோது கொஞ்சம் பயமாக இருந்தது. அவ்வளவு காலியான சாலையை நான் ஒரு வண்டியும் ஓடாத ஹர்த்தால் நாளில்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வாடகைக் கார். இங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று, நம் ஊர் ஆட்டோ ஸ்டாண்டு போல வரிசையில் நிற்பது, கைகாட்டினால் ஏற்றிக்கொள்வது. கறுப்பு டாக்ஸி. அது பேருந்துத் தடத்தில் போகலாம். இன்னொன்று, நம் ஊர் டிராவல்ஸ் கார் போல ஃபோன் செய்தால் மட்டும் வருவது. பின்னால் ஒட்டிய சின்னத் தகட்டைத் தவிர சாதாரணக் காருக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அது தடத்தில் போகக்கூடாது. ஏன் கூடாது என்று அதன் ஓட்டுநர்கள் பல வருடமாகக் கேட்டுவந்தார்கள். அந்தக் கேள்விதான் கோப்பாகி என்னிடம் வந்தது.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் ஞானதாஸ்.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் பனி விழுந்து பேருந்துகள் நின்றுபோன ஒரு நாள், ஃபோன் செய்து கார் வரவழைத்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, ஊர் எது என்று மலையாளத்தில் கேட்டார். திருவனந்தபுரம், கரமனை அக்ரகாரம் என்றேன்.

"கரமனையா! அப்போ மேடம் தமிழு பேசுவியளே," என்று உடனே மாறினார். "நமக்கு வித்துரா. அப்பனும் அம்மையும் எஸ்டேட்டுல வேல. வீட்டுல தமிழு, ஸ்கூல்ல மலையாளம். இங்க வந்து ரெண்டுக்கும் வேல இல்ல, கேட்டியளா."

மனைவி லீலா இங்குள்ள பெரிய மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்ததால்தான் குடும்பமே வந்தது. ஊரில் பொன்முடி ஏற்றத்தில் ஜீப் ஓட்டியவர் இங்கே வாடகைக் கார் ஓட்டுகிறார். "அங்க கொண்டை ஊசி வளவுல யான வந்து நிக்கும். இங்க சிக்னல் நிக்குது. யான சீக்கிரம் வழி மாறித் தரும்," என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார்கள். லீலா எனக்காகத் தனியாக மோர்க்குழம்பு வைத்திருந்தாள். எட்டு வயது மகள் ஷீபா எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். "ஆன்ட்டிகிட்ட தமிழ்ல பேசு மோளே," என்றார் ஞானதாஸ். ஆன்ட்டிக்கு ஆங்கிலம் தெரியுமே என்றாள் ஷீபா, ஆங்கிலத்தில்.

"அவ சொன்னது செரிதான்," என்றார் அவர். "தெரியாதது நமக்குத்தான்."

அன்றுதான் அவருடைய காலை வேலையைப் பற்றிச் சொன்னார். வாரத்தில் மூன்று நாள், நகரத்தின் வடக்கு ஓரத்திலிருந்து திருமதி ஹாரிஸ் என்ற முதியவளை மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறார். ஒன்பது மணிக்கு இயந்திரத்தில் இணைக்க வேண்டும். ஒரு மணிக்கு அடுத்த நோயாளி. தாமதமாகப் போனால் தாமதமான அத்தனை நிமிடமும் திருமதி ஹாரிஸின் கணக்கில்தான் குறையும்.

"நான் லைன்ல நிப்பேன். கறுத்த டாக்ஸி பஸ் லேன்ல சர்ருன்னு போவும். அதுல ஒருத்தன் ஏர்ப்போர்ட்டுக்குப் போறான். எனக்க வண்டியில கிட்னி போன கிழவி. ஆரு மேடம் அந்த லேன்ல போவணும்? நீங்கதான ரோட்டு எஞ்சினியரு, சொல்லுங்க."

கையில் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டயாலிசிஸ், ஒன்பது மணி, அடுத்த நோயாளி: இந்த மூன்றும் எனக்குப் புதிதல்ல என்று அவருக்குத் தெரியாது.

கோப்பு வந்ததும் என் மேலதிகாரி மார்ட்டினிடம், இந்த ஓட்டுநர்களில் ஒருவரை எனக்குத் தெரியும் என்றேன். அதற்கு ஒரு படிவம் இருந்தது. ‘உறவின் தன்மை’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், ‘ஒரே ஊர்’ என்று எழுதினேன். இரண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று மார்ட்டின் கேட்டார். பேருந்தில் ஒன்றரை மணி நேரம் என்றேன். "அப்படியென்றால் எனக்கும் பாதி இங்கிலாந்துக்கும் ஒரே ஊர்," என்று சிரித்துக் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஊரில் சாமி கடலில் நீராடப் போகும் ஆறாட்டு ஊர்வலத்துக்காக விமான ஓடுபாதையையே மூடிவிடுவார்கள் என்று ஒருமுறை சொன்னபோதும் அவர் இப்படித்தான் சிரித்தார். "உங்கள் சாமி எந்தத் தடத்தில் போவார்?" என்று கேட்டார். நல்ல மனிதர்.

*

அந்தப் புதன்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அம்மாவின் ஃபோன்.

"நாளைக்கு அப்பா திதி. வாத்தியார்ட்ட பறஞ்சாச்சு. தம்பி பெங்களூர்லேர்ந்து வந்துட்டான்."

"நான் வரமுடியலையேம்மா."

"ஒன்னை யாரு இப்போ வரச்சொன்னா? சாரமில்லை, போட்டும். அங்கேயே குளிச்சுட்டு ஒரு நமஸ்காரம் பண்ணு, மதி. தம்பி சொல்றான், அலமாரியெல்லாம் துருப்பிடிச்சிருக்கு, பெயிண்ட் அடிக்கணும்னு. அந்தப் பேப்பரை எடுத்துடட்டுமா?"

"எந்தப் பேப்பர்?"

"நீ எழுதி ஒட்டினதாக்கும்."

அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அப்பா மோட்டார் வாகன அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவர். எந்த வண்டிக்கு எந்தப் பெர்மிட், எது வழியில் நிறுத்தி ஆள் ஏற்றலாம், எது ஏற்றக்கூடாது என்பதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. ஓய்வுபெற்ற இரண்டாவது வருடம் சிறுநீரகம் பழுதானது. திங்கள், வியாழன் டயாலிசிஸ். கரமனையில் எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் இருந்த சசி அண்ணனின் அம்பாசடர் டாக்ஸியில் மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போவோம். எங்களுக்கும் ஒன்பது மணி. எங்களுக்கும் ஒரு மணிக்கு அடுத்த ஆள்.

எனக்கு இங்கே வேலை உறுதியாகி, விசாவுக்காகக் காத்திருந்த ஆறு வாரம் நான்தான் கூடப் போனேன். போக்குவரத்துப் பொறியியலில் முதுகலை படித்தவள் சும்மா போவாளா? பன்னிரண்டு பயணத்துக்கும் நேரம் குறித்தேன். சராசரி எடுத்தேன். நான் போன பிறகு யாரும் குழம்பக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி, இரும்பு அலமாரியின் கதவில் நான்கு பக்கமும் ஒட்டினேன். கரமனை 8.20. கிள்ளிப்பாலம் 8.25. தம்பானூர் 8.30. பாளையம் 8.37. பட்டம் 8.44. ஆஸ்பத்திரி வாசல் 8.50. எடையும் இரத்த அழுத்தமும் 8.55. மெஷின் 9.00.

"எட்டு இருபதுன்னா எட்டு இருபதுதானே?" என்று அப்பா கேட்டார். "முன்னாடியே ஆத்துலேர்ந்து எறங்கி அங்கே வெறுதே உக்காரண்டாம் அல்லே?"

"வேண்டாம்ப்பா. கணக்கு சரியா இருக்கும்."

அந்த ஆறு வாரத்தில் ஒரு வியாழன் ஹர்த்தால் வந்தது. டாக்ஸி ஓடாது. சசி அண்ணன் எங்கிருந்தோ ஒரு தனியார் கார் கொண்டுவந்தார். கண்ணாடியில் ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதி ஒட்டச் சொன்னார். நான் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதினேன். வெள்ளை நம்பர் தகடு போட்ட வண்டியில் வாடகைக்கு ஏறமாட்டேன் என்று அப்பா வாசலில் நின்றுவிட்டார். வாடகை வாங்கப்போவதில்லை என்று சசி அண்ணன் சத்தியம் செய்த பிறகுதான் ஏறினார். கிள்ளிப்பாலத்தில் கொடியோடு நின்றவர்கள் தடுத்தார்கள். ஒருவன் குனிந்து உள்ளே பார்த்தான். அப்பாவின் முகத்தையும் வீங்கிய கையையும் பார்த்துவிட்டு, "போகட்டும், போகட்டும்," என்று கல்லை ஒதுக்கினான். பதினான்கு நிமிடத்தில் ஆஸ்பத்திரி. அந்தப் பயணத்தை மட்டும் சராசரியில் சேர்க்கவில்லை. அசாதாரண நாள் என்று நீக்கிவிட்டேன். அவ்வளவு கவனம் எனக்கு.

மே மூன்றாவது வாரம் விமானம் ஏறினேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். ஏப்ரலும் மேயும் நமக்குப் பள்ளி விடுமுறை. ஜூன் முதல் தேதி பள்ளியும் மழையும் சேர்ந்து திறக்கும். பட்டத்தில் பள்ளி வாசல்களில் பேருந்துகளும் வேன்களும் ஆட்டோக்களும் நிற்க, பாளையம் வரை வரிசை நீளும். பள்ளி விடுமுறையில் வண்டிக் கணக்கு எடுக்கக்கூடாது என்பது என் படிப்பின் முதல் பாடங்களில் ஒன்று. தேர்வில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அப்பா விஷயத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூன் முதல் ஐப்பசி வரை அப்பா எட்டு இருபதுக்கே புறப்பட்டார். ஒரு நாள்கூட ஒன்பதுக்குப் போய்ச் சேரவில்லை. ஃபோனில் கேட்கும்போதெல்லாம், "எல்லாம் உன் கணக்குப்படி நடக்கறது," என்பார். புறப்பட்டது கணக்குப்படி. அவர் பொய் சொல்லவில்லை.

அப்பா இறந்த மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்த சசி அண்ணன் ஈஞ்சக்கல் தாண்டியதும் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் எத்தற தவண சொன்னது மோளே, ஏழே முக்காலுக்கு எறங்கலாம் சாரேன்னு. சார் கேக்கணுமே. 'எஞ்சினியர் போட்ட உத்தரவு சசி. போட்டவாதான் திருத்தணும். நீயும் நானும் கை வைக்கப்படாது'ன்னு."

அப்பா அலுவலகத்தில் அப்படித்தான் இருந்தார். மேலிருந்து வந்த உத்தரவு தப்பென்று தெரிந்தாலும் அதன்படி நடப்பார். கூடவே, தப்பு எங்கே என்று ஓரத்தில் குறித்துவைப்பார், போட்டவர் வந்து பார்க்க. வீட்டுக்குப் போய் அலமாரியைப் பார்த்தேன். என் தாளின் ஓரத்தில் பென்சிலால் மூன்று பத்தி: தேதி, போய்ச் சேர்ந்த நேரம், காரணம். 9.20, மழை. 9.26, பட்டத்தில் ஸ்கூல் பஸ். 9.31, அதுவே. கையெழுத்து மேலிருந்து கீழே வரவரச் சிறியதாகி, கடைசியில் நடுங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே அலுவலக ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. மகள் திரும்பியதும் மறுபரிசீலனைக்கு.

இறப்புச் சான்றில் இதயம் என்று இருந்தது. குறைந்துபோன நிமிடங்கள்தான் காரணமா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கூட்டிப் பார்த்தேன். கூட்டுத்தொகையை இங்கே எழுதப்போவதில்லை.

*

அம்மா கூப்பிட்ட அதே புதன்கிழமை மதியம், அலுவலக வாசலில் ஞானதாஸ் கார் நின்றது. கண்ணாடியை இறக்கி ஒரு பொட்டலத்தை நீட்டினார். ஊரிலிருந்து வந்த நேந்திரங்காய் வறுவல்.

"மேடம், எண்ண நின்ன பயலுவ சொன்னானுவ. லேன் காலியாட்டு கெடக்குன்னு. அப்போ காரியம் நடந்தாச்சு அல்லே?"

"இன்னும் எழுதி முடிக்கலை. அதுவரை நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. இந்தப் பாக்கெட்டையும் வாங்கக்கூடாது."

"ஆங், லஞ்சம்! நாலு வறுத்த காயி!" என்று உரக்கச் சிரித்து, பொட்டலத்தைப் பக்கத்து இருக்கையில் போட்டார். அங்கே ஷீபா உட்கார்ந்திருந்தாள். பிரித்துத் தின்ன ஆரம்பித்தாள்.

"நீ ஏன் இங்க இருக்கே? ஸ்கூல் இல்லையா?" என்றேன்.

வாயில் வறுவலோடு, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "இந்த வாரம் ஸ்கூல் இல்ல, ஆன்ட்டி."

"கேட்டியளா மேடம்!" ஞானதாஸ் ஸ்டீயரிங்கில் தட்டினார். "தமிழு! எனக்க மோளு தமிழு பேசிட்டா!"

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் முன்னும் பின்னும் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு மாடிக்குப் போய் எண்ணிக்கைத் தாள்களை எடுத்தேன். மேல்மூலையில் திங்கள், செவ்வாய். இந்த வாரம். இங்கே அக்டோபர் கடைசியில் பள்ளிகளுக்கு ஒரு வாரம் விடுமுறை உண்டு. என் வீட்டில் பள்ளி போகும் பிள்ளை இல்லை, நம் ஊரில் இந்தக் காலத்தில் விடுமுறையும் இல்லை. எண்ணுபவர்களுக்கான படிவத்தில் தேதி எழுதியது வேறு யாருமல்ல. நான்.

வாழ்க்கையில் ஒரே தப்பை இரண்டு முறை செய்திருக்கிறேன்.

மார்ட்டினிடம் போய்ச் சொன்னேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குழுவில் பாதிப் பேர் ‘ஆம்’ சொல்லக் காத்திருக்கிறார்கள். ஓட்டுநர்கள் சந்தோஷப்படுவார்கள். இதை யாரும் கேட்கப்போவதில்லை. உனக்கு ‘இல்லை’ சொல்ல ஆசையா?"

"எனக்கு ஆசை ‘ஆம்’ சொல்லத்தான்."

"பின்னே என்ன?"

"அடுத்த திங்கட்கிழமை பள்ளி திறக்கும். அன்றைக்கே இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். இதை நம்பிப் புறப்பட்டவர்கள் வழியில் நிற்பார்கள்."

"யார்?"

"யாராவது," என்றேன்.

மறுபடி எண்ணுவது தேவையில்லை என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் எண்ணினோம். மருத்துவமனை முனையில் நானே நின்றேன். மழை. பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணாடி முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் மூச்சுப் படிந்து வந்தன. தடத்தில் இடம் இல்லை. அந்த வரிசையில் வாடகைக் கார்களையும் விட்டால் பேருந்துகள் முனையைத் தாண்டவே இரண்டு சிக்னல் ஆகும். எட்டு ஐம்பதுக்கு ஒரு பேருந்திலிருந்து ஒரு கிழவர் இறங்கினார். கையில் சின்னப் பை, தலையணை உறையில் சுருட்டிய கம்பளி. அந்தக் கம்பளியை எனக்குத் தெரியும். இயந்திரத்தில் படுத்திருக்கும்போது உடம்பு குளிரும். அப்பாவும் ஒன்று கொண்டுபோவார். பேருந்தில் வருபவர்களில் எத்தனை பேர் அந்தப் பிரிவுக்குப் போகிறார்கள் என்று குறிக்க என் படிவத்தில் கட்டம் இல்லை. கிழவர் தடியை ஊன்றி வாசலுக்குள் போனார். நேரம் பார்த்தேன். அவருக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அறிக்கையை மாற்றி எழுதினேன். அனுமதிக்க வேண்டாம். ஒரே ஒரு விலக்கு மட்டும் கேட்டுப்பார்த்தேன். நோயாளியை ஏற்றிச் செல்லும் காருக்குக் கண்ணாடியில் ஒட்ட ஒரு தாள் கொடுக்கலாமே?

மார்ட்டின் நியாயமாகத்தான் பதில் சொன்னார். காரில் எப்போது நோயாளி இருக்கிறார், எப்போது இல்லை என்று யார் பார்ப்பது? கேமராவுக்குத் தெரிவது நம்பர் தகடு மட்டும். கேமரா குனிந்து உள்ளே பார்க்காது. அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.

*

குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் மூன்று நிமிடம் பேசலாம். ஞானதாஸ் கோட்டு போட்டு வந்திருந்தார். எழுதிவைத்த ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். திருமதி ஹாரிஸின் பெயரைச் சொல்லவில்லை. ‘என் பயணி’ என்றார். இரண்டு நிமிடத்திலேயே முடித்துவிட்டு, மீதி ஒரு நிமிடம் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பிறகு என்னை அறிக்கையை விளக்கச் சொன்னார்கள். விளக்கினேன். கைகள் உயர்ந்தன. இல்லை என்று முடிவானது.

வண்டி நிறுத்துமிடத்தில் எனக்காகக் காத்திருந்தார்.

"மேடம், ஒரு காரியம் கேக்கட்டா. மொதல்ல எண்ணினப்ப லேன் காலியாட்டு கெடந்து. பின்ன ஆரு ரெண்டாமத எண்ணச் சொன்னது?"

"நான்தான்."

"உங்க பெரிய சாரு சொன்னாரா?"

"இல்லை. அவர் தேவையில்லைன்னார். நான்தான் கேட்டேன்."

கோட்டின் பொத்தானைக் கழற்றினார். "நீங்க ஒண்ணும் செய்யண்டாம். வெறுதே இருந்தா போதுமாயிருந்து. நம்ம ஊருக்காரின்னு நெனச்சேன் பாருங்க."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது எண்ணிக்கையிலிருந்து போட்டது. திருமதி ஹாரிஸின் தெருவிலிருந்து மருத்துவமனை வரை, இரண்டு பத்தி: பள்ளி உள்ள நாள், இல்லாத நாள். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"ஏழு முப்பத்தஞ்சா? அந்த அம்மைக்கு ஒத்தையா உடுப்பு மாத்த ஒரு மணிக்கூறு வேணும். அப்போ ஆறு மணிக்கு எழும்பணும்."

"தெரியும்."

"என்ன தெரியும் ஒங்களுக்கு?"

சொல்லியிருக்கலாம். அப்பாவைச் சொல்லி அவர் வாயை அடைப்பது சரியாகப் படவில்லை. அவர் கடைசி வரிக்கு வந்தார். சத்தமாக வாசித்தார்: "நேரம் ஒத்துவராவிட்டால் ஓட்டுநரே திருத்திக்கொள்ளவும். யாரையும் கேட்க வேண்டாம்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது என்னத்துக்கு மேடம்? நேரம் தப்பினா நான் மாத்த மாட்டேனா? இதுக்கு உங்கட்ட கேக்கவா வருவேன்?"

"கேக்கறவங்க உண்டு," என்றேன்.

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ‘போயிட்டு வாறேன்’ என்று சொல்லவில்லை. காரை எடுத்தார்.

*

இப்போதைய நிலை:

வடக்குச் சாலையின் சிவப்புத் தடத்தில் பேருந்துகளும் கறுப்பு டாக்ஸிகளும் சைக்கிள்களும் மட்டும் போகின்றன. நான் கார் கேட்டு ஃபோன் செய்தால் வேறு ஓட்டுநர் வருகிறார். லீலாவை மருத்துவமனை வாசலில் ஒருமுறை பார்த்தேன். பள்ளி உள்ள நாட்களில் ஞானதாஸ் ஏழு முப்பத்தைந்துக்கு முன்னாலேயே புறப்பட்டுவிடுவதாகவும், திருமதி ஹாரிஸ் ஒன்பதுக்கு இயந்திரத்தில் இருப்பதாகவும், வழியெல்லாம் காரில் தூங்கிக்கொண்டே வருவதாகவும் சொன்னாள். ஷீபா தமிழில் மறுபடி ஏதாவது பேசினாளா என்று கேட்டேன். இல்லையாம்.

திதி முடிந்த வாரம் அம்மாவைக் கூப்பிட்டு, அந்தத் தாளை நீயே எடுத்துவிடு என்று சொன்னேன்.

"நீ ஒட்டினது. நீ வந்து எடு," என்றாள்.

தம்பி அலமாரிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டான், தாளைச் சுற்றி. எனக்கு இந்த வருடம் விடுப்பு இல்லை. தாள் அங்கேயே இருக்கிறது.